35 நாள் லாப்ரடார், ராஜபாளையம், தெருக் குட்டி: எங்கள் வீட்டுக்கு எது சரி? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

அம்பத்தூர்_மாடிவீடு கேட்கிறார்:

வணக்கம். அம்பத்தூரில் இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு, லிஃப்ட் உண்டு. நானும் கணவரும் காலை 8.30க்குக் கிளம்பினால் திரும்ப மாலை 6.30 ஆகிவிடும். மாமியார் (64 வயது) பகல் முழுக்க வீட்டில் இருப்பார். மகளுக்கு 7 வயது. சைவச் சமையல், முட்டை மட்டும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாய்க்குட்டி கொண்டுவரலாம் என்று பேசி வருகிறோம். எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, இணையத்தில் பார்த்த லாப்ரடார் ஆண் குட்டி. 35 நாள் ஆகிறதாம், இரண்டு தடுப்பூசி போட்டாச்சாம். முன்பணம் அனுப்பினால் மதுரவாயல் பைபாஸுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள்.

இரண்டு, விருதுநகர் பக்கம் உறவினர் ஒருவர் ராஜபாளையம் குட்டி தருவதாகச் சொல்கிறார்.

மூன்று, எங்கள் தெருமுனையில் ஒரு தெரு நாய் நான்கு குட்டிகள் போட்டிருக்கிறது. கண் திறந்து தத்தித் தத்தி நடக்கின்றன. மகளுக்கு அதில் ஒன்றின் மேல்தான் ஆசை.

எது சரி? வீட்டில் என்ன மாற்ற வேண்டும், மாதம் என்ன செலவு பிடிக்கும்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கால்நடைத்_தோழன்:

சகோதரி, முதலில் அந்த 35 நாள் குட்டியை விட்டுவிடுங்கள். லாப்ரடாரே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த விற்பனையாளரிடம் வேண்டாம் என்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது வயது. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைதான் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று பழகுகிறது. அதற்கு முன்பே பிரித்த குட்டி பெரும்பாலும் பல்லை அடக்கத் தெரியாமல் வளரும். வீட்டில் 7 வயதுக் குழந்தை இருப்பதால் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, ஊசிக் கணக்கு. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் ரத்தத்தில் இருக்கும் வரை, போடுகிற தடுப்பூசியை அது முறியடித்துவிடும். அது எப்போது தேயும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். ஒன்றுக்கு 7 வாரத்தில் தேயும், இன்னொன்றுக்கு 14 வாரம்கூட ஆகும். அதனால்தான் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம்: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு. நடைமுறையில் 8, 12, 16 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். பலர் 12ஆம் வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். "எல்லா ஊசியும் போட்டும் பார்வோ வந்துவிட்டது" என்று வருகிற குட்டிகளில் பல இந்த வகைதான். பார்வோ என்பது குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் குடல் நோய். பார்வோ, டிஸ்டெம்பர் (இன்னொரு கொடிய வைரஸ் நோய்) இரண்டுக்கும் நாலு வாரத்திலிருந்தே போடும் ஊசி ஒன்று உண்டு. ஆனால் 35 நாளுக்குள் முறையாக இரண்டு ஊசி என்பது கணக்கிலேயே இடிக்கிறது.

ஊசி அட்டையைப் பார்க்கும்போது தேதியை மட்டும் பார்க்காதீர்கள். மருந்துக் குப்பியில் இருந்து உரித்த ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி, பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் கொண்ட முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பேனாவால் "டிஎச்பி (பார்வோ, டிஸ்டெம்பர் அடங்கிய கூட்டு ஊசி) போடப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் போடாத கணக்கில் வையுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. கடையில் வாங்கி, பையில் போட்டுக் கொண்டுபோய்ப் போட்ட ஊசிக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

மூன்றாவது, பைபாஸில் வைத்துக் கைமாற்றுவது. தாயையும் மற்றக் குட்டிகளையும் பிறந்த இடத்தையும் நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பார்வோ தொற்றி 3 முதல் 7 நாளில் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும். பைபாஸில் துள்ளிக் குதித்த குட்டி உங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் சுருண்டு படுத்தால், தொற்று பெரும்பாலும் அங்கேயே வந்திருக்கும். அப்போது அந்தத் தொலைபேசி எண் உதவாது.

லாப்ரடார்தான் வேண்டும் என்று முடிவானால் தாய் நாயை நேரில் பாருங்கள். நீங்கள் போகும்போது அது எழுந்து வருகிறதா, கூச்சமின்றி முகர்கிறதா, ஒடுங்கி மூலைக்குப் போகிறதா என்று கவனியுங்கள். தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று கேளுங்கள். லாப்ரடாரில் இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறு வழிவழியாக வருவது. கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

சாத்தூர்_வேட்டைநாய்:

அக்கா, ராஜபாளையம் பத்திக் கேட்டதால சொல்றேன். எங்க பக்கத்து நாய், அதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வராது. 2005ல தபால் தலையில வந்த நாலு இந்திய நாய் இனத்துல இதுவும் ஒண்ணு. ஆனா உங்க வீட்டுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

வேட்டைக்கும், தோட்டம், பண்ணை, பெரிய வளவுன்னு காவல் காக்கவும் வளர்த்த இனம். வளர்ந்தா தோள் உயரமே ரெண்டடிக்கு மேல. ஒரு ஆளுக்கு அடங்கும், வீட்டாளுங்களை உயிரா நினைக்கும், வெளியாளைக் கிட்ட அண்டவிடாது. அப்பார்ட்மெண்டுன்னா நாளெல்லாம் கூரியர், தண்ணி கேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, லிஃப்டுல புது ஆளுன்னு வந்துக்கிட்டே இருப்பாங்க. அதுக்குப் பகல் முழுக்க வேலைதான், நிம்மதியே இருக்காது. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடத்தி, வாரத்துல சில நாள் வேலி போட்ட இடத்துல அவுத்துவிட்டு ஓடவிட்டாத்தான் அது நாயா இருக்கும். 64 வயசு அம்மாவால அதைப் பிடிக்க முடியாது. சிப்பிப்பாறை, கன்னின்னு மத்த வேட்டை நாய் இனத்துக்கும் இதேதான். பூனை ஓடினா, பைக் ஓடினா சங்கிலியோட சேர்த்து ஆளையும் இழுத்துட்டுப் போயிடும்.

அப்படியும் வாங்குறவங்க யாராவது இதைப் படிச்சா, காதை மட்டும் சோதிக்காம வாங்காதீங்க. பால் வெள்ளை நிறத்தோட செவிடும் சேர்ந்து வர்றது உண்டு. உள்காதுல நிறம் தர்ற செல் இல்லாம போனா, சத்தத்தை உணர்ற செல் சில வாரத்துலயே செத்துப்போகுது. ஆறு வாரத்துக்கு மேலே ஆன குட்டியா இருந்தா, தூங்கும்போது அதுக்குப் பின்னால போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்குங்க. கை தட்டுற காத்தோ, தரை அதிர்வோ படக் கூடாது, சத்தம் மட்டும் போகணும். மத்தக் குட்டிகளைப் பிரிச்சு வெச்சுட்டுத் தனியாச் சோதிக்கணும், இல்லைன்னா மத்தது திரும்புறதைப் பாத்து இதுவும் திரும்பும். ஒரு காது மட்டும் கேக்காத குட்டியை இந்தச் சோதனையில கண்டுபிடிக்க முடியாது, அதுக்கு மருத்துவமனையில காது நரம்போட மின் அலையை அளக்குற BAER பரிசோதனைதான். ஒரு காது கேக்குற நாயை நல்லா வளர்க்கலாம், ஆனா அதை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. குட்டிக்கும் அது போகும்.

உறவுக்காரர் இலவசமாத் தர்றாருன்னு வாங்கிட்டு, எட்டாவது மாசம் "கடிக்குது, கூட்டிட்டுப் போங்க"ன்னு திருப்பிக் கொடுக்குறதை நிறையப் பேர் செய்யறாங்க. அந்த நாய் அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா சங்கிலியிலதான் கிடக்கும்.

---

தெருமுனை_தோழி:

உங்கள் மகள் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. சென்னை வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு, வளர்ந்தால் பெரும்பாலும் 15–20 கிலோ, மூக்கு நீளமானதால் மூச்சுத் திணறல் இல்லை. ஆனால் "தெருக் குட்டிதானே, நாளைக்கே தூக்கிவரலாம்" என்று செய்ய வேண்டாம். இதற்கும் எட்டு வாரக் கணக்கு உண்டு.

தத்தித் தத்தி நடக்கின்றன என்றால் மூன்று நாலு வாரம்தான் இருக்கும். இன்னும் ஒரு மாதம் தாயிடமே இருக்கட்டும். அந்த ஒரு மாதத்தில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தாய்க்குத் தினம் இரண்டு வேளை சோற்றோடு அவித்த முட்டை, முடிந்தால் வெளியிலிருந்து வேகவைத்த கோழி கொடுங்கள். பால் ஊட்டும் நாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும். மழை நனையாத இடத்தில் சாக்கு விரியுங்கள். குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து போக வேண்டும். சமையல் தராசில் எடை பார்த்து, மருத்துவரிடம் சொல்லி, அந்த எடைக்கான மில்லி அளவை எழுதி வாங்குங்கள். கண்ணளவில் ஊற்றாதீர்கள். குட்டியின் வயிறு பலூன் மாதிரி உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் அது கொழுப்பு இல்லை, புழு.

இந்த நாட்களில் உங்கள் மகளோடு தினம் கால்மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பாய்ந்து வந்து எல்லாவற்றையும் மிதித்து முன்னால் நிற்கிற குட்டியும் வேண்டாம், மூலையிலேயே ஒடுங்குகிற குட்டியும் வேண்டாம். ஒரு தட்டைக் கீழே போட்டால் திடுக்கிட்டு ஓடும், பத்து விநாடியில் திரும்பி வந்து அந்தத் தட்டையே முகரும். முதல்முறை வளர்க்கிறவர்களுக்கு அந்தக் குட்டிதான். மடியில் மல்லாத்திப் படுக்கவைத்தால் கொஞ்சம் துள்ளிவிட்டு அடங்க வேண்டும்.

உடம்பில் பார்க்க வேண்டியது: ஈறு வெளிறாமல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா (வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தம் குடிக்கிறது), கண்ணில் பீளை, மூக்கில் சளி, தொப்புளில் புடைப்பு, வால் அடியில் கழிச்சல் ஒட்டிய தடம், காது விளிம்பிலும் முழங்கையிலும் முடி கொட்டிய சொறி. அந்தச் சொறி மனிதருக்கும் ஒட்டி அரிக்கும், ஆனால் மருந்தில் சரியாகிவிடும். அதற்காகக் குட்டியை ஒதுக்க வேண்டியதில்லை, குழந்தை தொடுவதை மட்டும் சில வாரம் தள்ளிப்போடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஊசி போடாத குட்டியின் பல்லோ நகமோ பட்டு ரத்தக் கோடு விழுந்தால், "குட்டிதானே" என்று விடக் கூடாது. ரேபிஸ் குட்டிக்கும் வரும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வந்த காயத்துக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்து) தேவைப்படும், நீங்களே கேட்டு விசாரியுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

பிறகு, குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்ய மாநகராட்சியிலோ புளூ கிராஸ் போன்ற அமைப்பிடமோ சொல்லுங்கள். ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு தாயை அப்படியே விட்டால், சில மாதத்தில் அதே முனையில் இன்னொரு ஈத்து கிடக்கும்.

---

அம்பத்தூர்_மாடிவீடு:

மிக்க நன்றி. பைபாஸ் குட்டியை விட்டுவிட்டோம், அவரிடம் பதிவு எண் கேட்டேன், பிறகு பதிலே இல்லை. ராஜபாளையமும் எங்களுக்கு இல்லை என்று புரிந்தது. தெருமுனைக் குட்டியில் ஒன்று என்று ஏறக்குறைய முடிவு. சில சந்தேகங்கள்: சைவ வீட்டில் என்ன கொடுப்பது? மாமியார் பால் சோறும் தயிர் சாதமும் போதும் என்கிறார். தீபாவளிக்கு முன் எட்டு வாரம் நிறைந்துவிடும், அப்போதே கொண்டுவரலாமா? ஊசி முடியும் வரை வீட்டைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்கிறார்களே?

---

கால்நடைத்_தோழன்:

உணவு பற்றி மட்டும் சொல்கிறேன். தயிர் சாதம் கெடுதல் இல்லை, ஆனால் அது வளரும் குட்டிக்குப் போதாது. புரதம் குறைவு, கால்சியமும் பாஸ்பரஸும் எலும்புக்கு வேண்டிய விகிதத்தில் இல்லை. அதையே ஆறு மாதம் கொடுத்தால் முன்னங்கால் வில்லாக வளைவதும், சின்னத் தாவலில் எலும்பு முறிவதும் நடக்கும். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் தரும்.

உங்கள் வீட்டுக்கு எளிய வழி, குட்டிகளுக்கென்றே உள்ள உலர் தீவனம். உறையில் "வளரும் குட்டிக்கு முழுமையான உணவு" என்ற பொருளில் எழுதியிருக்க வேண்டும். அதில் இறைச்சி இருக்கும், ஆனால் சமையலறைக்குள் வரத் தேவையில்லை. மூடிபோட்ட டின், தனிக் கிண்ணம், பால்கனி ஓரத்தில் இடம் ஒதுக்கினால் போதும். மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. அளவு உறையின் பின்னாலுள்ள எடைக் கணக்கில் இருக்கும். அதைக் கிராமில் எடை போட்டுக் கொடுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. ஒரு அவித்த முட்டை சேர்க்கலாம். தெருவில் தின்ற சோற்றிலிருந்து உடனே மாற்ற வேண்டாம். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்து பாதி, அடுத்து முக்கால் என ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

முழுமையான தீவனம் கொடுக்கும்போது மருந்துக்கடைக் கால்சியம் டானிக் வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு மிகுதியான கால்சியத்தைக் குடலில் தடுத்து நிறுத்தும் திறன் இன்னும் வரவில்லை. அது உடம்பில் ஏறி எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். பெரிய இன நாய்களில் இந்தக் கேடு இன்னும் அதிகம்.

மாமியாரிடம் அன்போடு சொல்ல வேண்டியது சாம்பார் சாதத்தைப் பற்றி. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எல்லாம் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்து உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் இரண்டும் ஆபத்து. கொஞ்சம் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவித்த கேரட், பூசணி, உப்பில்லாத வெறும் தயிர் ஒரு ஸ்பூன் கொடுக்கட்டும்.

---

பால்கனி_பயிற்சி:

இரண்டு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன் வேண்டாம். எட்டு முதல் பத்து வாரத்தில் குட்டிக்கு ஏற்படும் பெரிய பயம் ஆழமாகப் பதியும். தாயைப் பிரிந்த அதே வாரத்தில் ஆயிரம் வாலாவும் வெடித்தால், ஆயுளுக்கும் சத்தத்துக்கு நடுங்குகிற நாயாகலாம். பட்டாசு ஓய்ந்த பிறகு, இரண்டு மூன்று நாள் விடுமுறை எடுக்க முடிகிற ஒரு வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவாருங்கள். ஆனால் இது தெருக் குட்டி, தீபாவளி இரவில் அது தெருவில்தானே இருக்கும்? அதனால் அந்த இரண்டு மூன்று நாளும் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையில், அட்டைப்பெட்டியும் பழைய போர்வையும் போட்டு வைக்கச் சங்கத்திடம் கேளுங்கள். அது முடியாது என்றால் மட்டும், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே குட்டியை வீட்டுக்குள் எடுத்து, அன்றைக்கு உள்ளறையில் ஜன்னலை மூடி, மின்விசிறியும் டிவியும் ஓடவிட்டு, ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

வெளியே எடுப்பது பற்றி. ஊசி முடிய 16 வாரம். குட்டி உலகத்தோடு பழகும் பருவம் மூன்றாம் வாரம் தொடங்கி ஏறக்குறைய 14ஆம் வாரத்தில் மூடிக்கொள்கிறது. நாலு மாதம் வீட்டுக்குள் பூட்டிவைத்தால் பார்வோவிலிருந்து தப்பிக்கும், ஆனால் குடை, ஹெல்மெட், ஆட்டோ, தாடி வைத்த மனிதர் எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயாகும். எனவே வெளியே எடுங்கள், தரையில் விடாதீர்கள். கையிலோ தோள்பையிலோ வைத்துத் தினம் பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். பால்காரர், பள்ளி வேன், தெருவில் அடிக்கும் தண்ணீர் லாரி ஹாரன் எல்லாம் தூரத்திலிருந்து பார்க்கட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவன மணி வாயில். ஊசி முடிந்த, அமைதியான நாய் உள்ள நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மற்ற நாய்கள் சிறுநீர், மலம் கழிக்கும் பூங்காவும் தெரு மூலையும் மட்டும் 16 வாரம் வரை கூடாது.

இனி வீடு. நம் வீட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் குட்டியின் காலுக்கு எதிரி. பின்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்கிக்கொண்டே வளர்ந்தால் மூட்டு கெடும். அது ஓடுகிற பாதையில் ரப்பர் அடிப்பாய் போடுங்கள். பால்கனிக் கம்பி இடைவெளி நாலு விரலுக்கு மேல் இருந்தால் தலை நுழையும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், கீழிருந்து மூன்றடிக்கு வலை கட்டுங்கள். செடிகளில் அரளியும் சைகஸும் (பனை போன்ற அலங்காரச் செடி) இருந்தால் வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள். அரளி இதயத்தைத் தாக்கும், சைகஸ் விதை கல்லீரலை. மணி பிளாண்ட் வாயை எரிக்கும், உயரத்தில் வையுங்கள். துணி அலமாரியில் உள்ள அந்துருண்டை, எலி பாஷாணக் கேக், கொசுவிரட்டித் திரவக் குப்பி, தரையோரம் ஓடும் சார்ஜர் வயர் எல்லாவற்றையும், நீங்களே தரையில் மண்டியிட்டு ஒரு சுற்று வந்தால் கண்ணில் படும்.

தரை துடைக்க ஃபினாயிலை நம்பாதீர்கள், பார்வோ கிருமி அதில் சாகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மில்லி சாதாரண ப்ளீச், முதலில் அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு இதை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் ப்ளீச் அழுக்கிலேயே செலவாகிவிடும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். செருப்பு வெளியே நிற்கட்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், செருப்பில் ஒட்டி மாடி ஏறும்.

சிறுநீர்ப் பழக்கம்: இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரம், கூடினால் மூன்று மணி நேரம் அடக்க முடியும். தூங்கி எழுந்ததும், தின்று கால்மணியிலும், விளையாட்டு முடிந்ததும் பால்கனியில் ஒதுக்கிய அதே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். அங்கே போனதும் அந்த விநாடியே பாராட்டும் ஒரு தீவன மணியும். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டுவதும் மூக்கை அதில் தேய்ப்பதும் வேண்டாம். உங்கள் முன்னால் போகக் கூடாது என்று மட்டும் அது புரிந்துகொண்டு சோபாவுக்குப் பின்னால் போகும். பகலில் இதைச் செய்யப்போவது உங்கள் மாமியார்தான். நாளுக்கு ஏழெட்டு முறை குனிந்து தூக்க அவருக்கு முழங்கால் ஒத்துழைக்குமா, அவருக்கே இது விருப்பமா என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். இல்லை என்றால் பகல் நேரத்துக்கு ஆள் ஏற்பாடு செய்த பிறகு குட்டி வரட்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்ட வீடுகளில்தான் நாய் மூன்றாம் மாதமே வெளியேறுகிறது.

முதல் இரவுகளில் தனியறையில் போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி, அதில் தாய் படுத்த சாக்கின் ஒரு துண்டு. அழுதால் கையைத் தொங்கவிட்டுத் தடவினால் போதும். நாளுக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும் வயது. தூங்குகிற குட்டியை எழுப்பக் கூடாது, தின்னும்போது தொடக் கூடாது, தரையில் உட்கார்ந்துதான் மடியில் எடுக்க வேண்டும் என்று மகளுக்கு மூன்றே விதிகள். பெரியவர் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் நாலு முதல் ஆறாம் மாதம் வரை எல்லாவற்றையும் கடிக்கும். நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த பழைய துண்டு ஈறுக்கு இதமாக இருக்கும்.

---

கால்நடைத்_தோழன்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், கையில் எடுத்துப் போவதில் தவறில்லை. விடுபட்டவை சில.

ரேபிஸ் ஊசி 12 வாரம் நிறைந்ததும், அதன்பின் ஆண்டுதோறும். எலிக்காய்ச்சலுக்கான ஊசி எட்டு வாரத்துக்குப் பிறகு இரண்டு முறை, பிறகு ஆண்டுக்கொருமுறை. சென்னை மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரும் எலியும் சேரும் இடங்களில் இதைத் தவிர்க்கக் கூடாது. குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை.

உண்ணியை அலட்சியப்படுத்தாதீர்கள். உண்ணிக்காய்ச்சல் இங்கே ஆண்டு முழுக்க வருகிறது. குட்டி தின்னாமல் சோர்ந்து, ஈறு வெளிறி, மூக்கில் ரத்தம் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டிய குட்டிக்குக் கொடுக்கக்கூடிய உண்ணி மாத்திரைகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்றா, மூன்று மாதத்துக்கு ஒன்றா என்பது மருந்தைப் பொறுத்தது. வாளித் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸ் சின்னக் குட்டிக்கு வேண்டாம். சுவர் விரிசலில் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், எனவே விரிசல்களைப் பூசி அடையுங்கள். கையால் நசுக்காதீர்கள்.

செலவு கேட்டீர்கள். விலை கடைக்குக் கடை மாறும், அளவைச் சொல்கிறேன், விசாரித்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். 15 கிலோவுக்கு வளரப்போகிற குட்டிக்கு மாதம் ஐந்து முதல் ஏழு கிலோ தீவனம். முதல் நாலு மாதத்தில் மருத்துவரிடம் ஐந்தாறு முறை போக வேண்டியிருக்கும். உண்ணி மாத்திரை, புழு மருந்து. கருத்தடை ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் நேரத்தில். இவற்றுக்கு மேல் ஒரு அவசரத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பார்வோ வந்தால் நாலைந்து நாள் தொடர்ந்து சலைன் ஏற்ற வேண்டும், தனியார் மருத்துவமனையில் அது பல ஆயிரம் ஆகும். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளி நேரத்தை இப்போதே விசாரித்து, இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றின் எண்ணோடு சேர்த்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

சென்னை மாநகராட்சி லைசென்ஸும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம். லைசென்ஸுக்கு ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சிப் எண் 15 இலக்கம், ஊசி அட்டையிலும் அதே எண் ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

---

அம்பத்தூர்_மாடிவீடு:

மாமியாரிடம் பேசினோம். முழங்கால் வலி இருப்பதால் தூக்க முடியாது, உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன் என்கிறார். வேலைக்கு வரும் அக்கா பகலில் 11 மணிக்கும் 3 மணிக்கும் பால்கனிக்கு எடுத்துப்போக ஒப்புக்கொண்டார். கடைசிக் கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலாளர் "நாய் வளர்க்க அனுமதி இல்லை, லிஃப்டில் ஏற்றக் கூடாது" என்கிறார். என்ன செய்யலாம்?

---

பால்கனி_பயிற்சி:

11க்கும் 3க்கும் இடையே நாலு மணி நேரம், முதல் மாதத்துக்கு அது நீளம். நடுவில் 1 மணிக்கு யாராவது ஒருவர் வேண்டும். அதுவரை பால்கனிக் கதவை ஒட்டியே குட்டியின் இடத்தைத் தடுப்பு வைத்து அடைத்து, ஒரு மூலையில் செய்தித்தாளோ புல் தட்டோ போடுங்கள். தூக்காமலே அது போய்வர முடியும், மாமியாருக்கும் சிரமமில்லை.

சங்கம் பற்றி: பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. அதன் நகலை எடுத்துக்கொண்டு போய் அமைதியாகக் கொடுங்கள். கூடவே நீங்கள் செய்யப்போவதையும் எழுத்தில் கொடுங்கள்: பொது இடத்தில் எப்போதும் சங்கிலி, மலத்தை அள்ளப் பை, லைசென்ஸ், ஊசிச் சான்றின் நகல், இரவு குரைத்தால் அழைக்க உங்கள் எண். லிஃப்டில் வேறு யாராவது இருந்தால், அவர் சரி என்றால் மட்டும் ஏறுங்கள், இல்லையென்றால் அடுத்ததுக்குக் காத்திருங்கள். குட்டி வருவதற்கு முன்பே பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். முதல் வாரம் இரவில் அழும், அது ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.